இஞ்ஞாசியின் தாளம் ஊரில் தங்கிய நாட்கள்

ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், வெள்ளைச் சட்டையும் புது ஷூவுமாக, பெரிய நீலப் பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, இஞ்ஞாசி சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனான். அவன் போனான், அவன் தாளம் போகவில்லை. அது தூத்துக்குடியிலேயே நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கப்பலேறிப் போகிறவர்கள் எதையாவது விட்டுவிட்டுப் போவது அந்த ஊருக்குப் பழக்கம்தான். ஒருவன் பெண்டாட்டியை விட்டுவிட்டுப் போவான், ஒருவன் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனை விட்டுவிட்டுப் போவான், இஞ்ஞாசி தாளத்தை விட்டுவிட்டுப் போயிருந்தான்.

அவன் 'திருக்கை' என்ற ராக் குழுவில் பதினோரு வருஷம் டிரம்ஸ் வாசித்தவன். ஆரம்பத்தில் ஐந்து பேர். கீபோர்டு வாசித்த கிளாஸ்டன் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போனான். இரண்டாவது கிதார்க்காரன் விண்ணரசு நாகர்கோவிலில் பெண்ணெடுத்து, மாமனாரின் டைல்ஸ் கடையில் உட்கார்ந்துவிட்டான். கடைசியாக இஞ்ஞாசியும் போனதும் மிஞ்சியது இரண்டே பேர். ஒருவன் ராய்ஸ்டன், பாடுகிறவன், கிதாரும் அவன்தான். இன்னொருத்தி டெல்பினா. அவள் பேஸ் கிதார் வாசித்தாள், அந்த நாலு தடிக் கம்பிகள் அடிவயிற்றுக்குள் உறுமுமே, அது. முப்பத்துநாலு வயது. பகலில் மட்டக்கடையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பாள். பேஸ் வாசிக்கிறவளும் டிரம்ஸ் வாசிக்கிறவனும் ஒரே வள்ளத்தில் துடுப்புப் போடுகிற இரண்டு பேர் மாதிரி; ஒருவர் மூச்சு இன்னொருவருக்குத் தெரியும். அதனால் இஞ்ஞாசியின் தாளத்தை ஊரில் முதலில் கண்டுகொண்டவள் அவள்தான்.

அது வியாழக்கிழமை காலை. சர்க்கரை பார்க்க வந்த ஒரு பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்து நரம்பு தேடினாள். நாடி அடித்தது: ஒன்று, இரண்டு, சின்னதாக ஒரு யோசனை, மூன்று, நாலு. மூன்றாவது அடிக்கு முன்னால் அந்த யோசனை இஞ்ஞாசிக்கு மட்டும் உள்ளது. ஸ்டூடியோக்காரர்கள் அதைத் தப்பு என்றார்கள், இசை தெரிந்த பாதிரியார் ஒருவர் தப்பு என்றார், அவனாலும் அதை மாற்ற முடியவில்லை. டெல்பினா அடுத்த ஆளின் கையைப் பிடித்தாள், அதிலும் அதே யோசனை; அதற்கடுத்த கர்ப்பிணியின் கையிலும் அதேதான். வரிசையில் இருந்த பதினேழு பேரின் கையையும் பிடித்துப் பார்த்துவிட்டு, பஞ்சை டப்பாவில் போட்டு மூடி, வாசலுக்கு வந்து நின்றாள். எதிரே டீ மாஸ்டர் அதே கணக்கில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். "போகலையா நீ?" என்று தெருவைப் பார்த்துக் கேட்டாள். பிறகு உள்ளே போய் வேலையைப் பார்த்தாள்.

தாளம் ஒரே இடத்தில் இருக்கவில்லை. மட்டக்கடையில் மூன்று நாள் இருந்தது. பிறகு திரேஸ்புரத்துக்குப் போய் மீன் வெட்டுகிற அரிவாள்மனைகளில் ஏறிக்கொண்டது. அங்கிருந்து லயன்ஸ் டவுனுக்குப் போய்த் தையல் மெஷின்களில் ஓடியது, சைக்கிள் பெடல்களில் ஓடியது, பிரஷர் குக்கர் விசிலில் ஓடியது, தொட்டிலை ஆட்டுகிற கயிற்றில் ஓடியது. அது வந்த தெருவில் யாராலும் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் முழங்கால் ஆடியது, முழங்காலைப் பிடித்துக்கொண்டால் விரல் தட்டியது, விரலை மடக்கினால் பல் தட்டியது, அதனால் எழுந்து நடந்தார்கள், எங்கே என்று இல்லாமல் நடந்தார்கள், கணக்கு எழுதுகிறவர்கள் நின்றுகொண்டே எழுதினார்கள், சவரம் செய்துகொள்ள வந்தவர்கள் பாதி முகத்தோடு தெருமுனை வரை போய்வந்தார்கள், எட்டு வருஷமாக ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதிக்காத இரண்டு சகோதரிகள் தங்கள் கால் இழுத்த வழியில் வந்து பழக்கடை முன்னால் முட்டிக்கொண்டு, வேறு வழியில்லாமல் பேசினார்கள்.

முதலில் எரிச்சல்தான். ஜெபமாலை சொல்லும்போது எல்லார் வாயும் ஒரே இடத்தில் தயங்குகிறது என்று மாதா கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை முறையிட்டார். ஒரு தெருக்காரர்கள் கூடி வார்டு கவுன்சிலரிடம் மனுக் கொடுத்தார்கள். அவர் அதை நின்றுகொண்டே படித்துவிட்டு, திரிகிற நாய்க்கு விதி இருக்கிறது, திரிகிற மாட்டுக்கு விதி இருக்கிறது, ஆளில்லாமல் திரிகிற சத்தத்துக்கு விதி இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு ஒவ்வொருவராக அதில் ஆதாயம் கண்டார்கள். தையற்கடை செல்லப்பா, தாளம் தன் தெருவில் இருக்கிற நாளில் தைக்கிற சட்டைக்குக் கை கோணுவதில்லை என்றார். பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸுகள், முக்கச் சொல்லவேண்டிய நேரத்தை அந்த யோசனையே சொல்லிவிடுகிறது என்றார்கள். குழாயடியில் சண்டை பிடிக்கப் போன பெண்கள் தாளத்தில் திட்டிக்கொண்டு, தாளத்தில் திட்டினால் கோபம் தங்காது என்பதால் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள். ஒரு மாதத்துக்குள், தண்ணி வண்டி எந்தத் தெருவுக்கு வந்திருக்கிறது என்று விசாரிப்பதுபோல, "இன்னைக்கு எங்க நிக்கி?" என்று ஊரே விசாரிக்கத் தொடங்கியது.

அதற்குள் திருக்கைக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது. ராய்ஸ்டன் ஒரு மடிக்கணினியில் டிரம்ஸ் சத்தத்தைப் பதிந்து கொண்டுவந்தான். அது ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் அடித்தது. அவர்கள் பயிற்சி செய்கிற பழைய வலைக் குடோனில் அதை ஓடவிட்டபோது இஞ்ஞாசியின் தாளம் கூரைத் தகரத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. மூன்றாவது அடியில் இரண்டும் மோதின, ஒவ்வொரு மூன்றாவது அடியிலும் மோதின, நடுவில் அகப்பட்ட டெல்பினாவுக்கு விக்கல் எடுத்தது, நாலு மணி நேரம் நிற்கவில்லை. அந்தக் கணினியோடே ஒரு கல்லூரி விழாவில் வாசித்தார்கள். ஐந்து பேர் வாசித்த பாட்டை இரண்டு பேர் ஐந்து பேர் மாதிரியே வாசிக்கப் பார்த்தால் எப்படியிருக்கும், அப்படியிருந்தது. பிள்ளைகள் மரியாதைக்குக் கை தட்டிவிட்டு பிரியாணிக்குப் போனார்கள். வயரைச் சுருட்டும்போது ராய்ஸ்டன் குழுவைக் கலைத்துவிடலாம் என்றான். டெல்பினாவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை, மேடையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள்.

புரட்டாசியில் ஒருநாள் கோதுமை அரைக்கத் தங்கபாண்டியின் மாவு மில்லுக்குப் போனாள். அன்றைக்குத் தாளம் அங்கே இருந்தது. மில்லின் பெல்ட் அதே கணக்கில் அடித்தது, சல்லடை அதே கணக்கில் ஆடியது, காத்திருந்த பெண்களின் குதிகால் அதே கணக்கில் சிமெண்டைத் தட்டியது. வெள்ளையாக மாவு பறக்கிற அந்தக் காற்றில் நின்றபோது, தன் இடது கை விரல்கள் தொடையில் கம்பி தேடுவதை அவள் பார்த்தாள். மறுநாள் லீவு சொல்லிவிட்டு பேஸ் கிதாரையும் சின்ன ஆம்ப்ளிஃபயரையும் எடுத்துக்கொண்டு அங்கே போனாள். தங்கபாண்டி ஆட்சேபிக்கவில்லை, பிளக் பாயின்டுக்குள் மாவு போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

வழக்கமாக வாசிப்பதை எல்லாம் வாசித்துப் பார்த்தாள், எல்லாம் அதிகமாக இருந்தது. கடைசியில் ஒரே ஒரு சுரத்தை, அடிக்கம்பியில், அந்த யோசனை வருகிற இடத்தில் வைத்தாள். அதை நீளமாக விட்டாள். தாளம் நகர்ந்து வந்து அந்தச் சுரத்தின் மேல் சாய்ந்துகொண்டது, அதை அங்கிருந்த பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒருத்தி, கோதுமைப் பையை இறக்கி வைத்துவிட்டு, "அப்படியே வச்சுக்கோ, மாத்தாத" என்றாள்.

அன்று மாலை ராய்ஸ்டனை வரவழைத்தாள். அவன் கிதாரில் ஆறு கம்பியில் இரண்டைக் கழற்றச் சொன்னாள், முணுமுணுத்துக்கொண்டே கழற்றினான். கிளாஸ்டனின் கீபோர்டு போய்வந்த மேல் ஸ்தாயிக்கு அவள் பேஸையே ஏற்றிக்கொண்டு போனாள், அங்கே அது கிழவன் பாடுகிற மாதிரிக் கம்மிய குரலில் பாடியது. விண்ணரசு நிரப்பிய இடங்களை நிரப்பாமல் விட்டார்கள். பதினோரு வருஷம் ஐந்து பேர் சத்தத்துக்குப் பின்னால் நின்று கத்திப் பழகியிருந்த ராய்ஸ்டன், பின்னால் நிற்க ஒன்றுமில்லாததால், பக்கத்தில் இருப்பவனிடம் பேசுவதுபோலப் பாடினான். அவன் பாட்டுக்கு வார்த்தைகள் இருந்தன என்பதே தெருக்காரர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு தாளம் போன இடமெல்லாம் திருக்கை போனது. ஐஸ் பிளாண்ட் வாசலில் வாசித்தார்கள், இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் வாசித்தார்கள், படகு பழுது பார்க்கிற இடத்தில் சுத்தியல் சத்தத்துக்கு நடுவில் வாசித்தார்கள். யாரோ வீடியோ எடுத்தார்கள், அது கடல் தாண்டிப் போனது, மதுரையிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் ஆட்கள் பஸ்ஸேறி வந்து இறங்கி, "எங்க நிக்கி?" என்று கேட்டார்கள். ஐந்து பேராக இருந்தபோது இல்லாத பெயர் இரண்டு பேருக்கு வந்தது. கார்த்திகையில் கடற்கரை மைதானத்தில் பெரிய கச்சேரி ஒன்றுக்கு நாள் குறித்தார்கள்.

யாரிடமும் சொல்லாத ஒன்று டெல்பினாவிடம் இருந்தது. இஞ்ஞாசி இல்லாதது அவளுக்கு நன்றாக இருந்தது. இஞ்ஞாசி நேரத்துக்கு வரமாட்டான், சண்டை போடுவான், தான் அடிப்பதற்குத்தான் பேஸ் வளைய வேண்டும் என்பான். அவன் தாளம் சண்டை போடவில்லை, அவள் வைக்கிற சுரத்தில் பூனைமாதிரி வந்து சாய்ந்தது. ஆள் வேண்டாம், தாளம் போதும் என்று ஒருநாள் அவள் மனசு சொன்னதை அவளே கேட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு நேர்வழியில் போகாமல் பழைய துறைமுகம் வரை நடந்து, திரும்பி நடந்து, மறுபடி நடந்தாள்.

கச்சேரிக்கு எட்டு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை மத்தியானம், அவள் டிபன் டப்பாவைத் திறந்த நேரத்தில் இஞ்ஞாசி போன் செய்தான். ஆப்பிரிக்கக் கரையில், மொம்பாசாவில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறானாம். கப்பலில் ஏறிய முதல் வாரமே நடை தடுமாறியது, கடல் பழகவில்லை என்று நினைத்தானாம்; பிறகு சாப்பிட்டுக்கொண்டே பேச முடியவில்லை, வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை; இரண்டு தடவை ஏணியிலிருந்து விழுந்தான், இரண்டாவது தடவை தோள் இறங்கிவிட்டது. டாக்டர் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, இதயம் நினைத்தபோது அடிக்கிறது, நினைத்தபோது நிற்கிறது, ஒருநாள் நின்றது நின்றதுதான் என்று ஆகலாம் என்றாராம்.

"எந்தப் படிக்கு எந்தக் காலுன்னு தெரியல டெல்பி" என்றான். "நீங்க மில்லுல வாசிச்சத வீடியோல பாத்தேன். அது ஓடுத நேரம் மட்டும் நடக்க முடியுது."

"எத்தன தடவ பாத்த?"

"எண்ண முடியல. எண்ணுத வேலைதான போயிட்டு."

அவன் தாளத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. நன்றாக வாசிக்கிறீர்கள் என்றான், முன்னைவிட நன்றாயிருக்கிறது என்றான், ராய்ஸ்டனைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான். அவன் கேட்டிருந்தால் அவளால் சண்டை போட்டிருக்க முடியும். டப்பாவை மூடிவிட்டு எழுந்து நடந்தாள்.

ராய்ஸ்டன் விஷயத்தைக் கேட்டு முகம் செத்துப்போனான். கச்சேரி முடியட்டும், அதற்குப் பிறகு யோசிக்கலாம் என்றான். அதற்குள் இஞ்ஞாசி மூன்றாவது தடவை விழுந்தால் என்று டெல்பினா கேட்டாள். ராய்ஸ்டன் உட்கார்ந்தான், உட்கார முடியாமல் எழுந்தான்.

தாளம் இப்போது இரண்டு பேருடையது அல்ல, ஊருடையது என்பதால், மறுநாள் பூசைக்குப் பிறகு பங்கு மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். எல்லாரும் நின்றுகொண்டே பேசினார்கள். செல்லப்பா, போனவன் விட்டுப்போனது ஊருக்குச் சொந்தம், கரையில் ஒதுங்கிய மரத்துக்கு யாராவது விலாசம் தேடுவார்களா என்றார். நர்ஸுகள் பிள்ளைப்பேற்றைச் சொன்னார்கள். அந்த இரண்டு சகோதரிகள், தாளம் போய்விட்டால் நாங்கள் மறுபடி பேசாமல் போய்விடுவோமோ என்று பயமாக இருக்கிறது என்றார்கள், இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள். பேச்சு அந்தப் பக்கமாகவே சாய்ந்துகொண்டிருந்தபோது, திரேஸ்புரத்தில் மீன் விற்கிற பத்ரோசம்மாள் கூடையைக் கீழே வைத்தாள்.

"மரத்துக்கு அடையாளம் கிடையாது" என்றாள். "கடல்ல ஒருத்தன் வலை நமக்கு அகப்பட்டா என்ன செய்வோம்? அவன் வந்து முடிச்சப் பாத்து இது என் முடிச்சுன்னு சொன்னா குடுத்திருவோம்லா. இதுல மூணாவது அடிக்கு முன்ன இருக்கது யாரு முடிச்சு? சொல்லுங்க பாப்போம்."

எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

எப்படிக் கொடுப்பது என்பதற்கு டெல்பினாதான் வழி சொன்னாள். ஊர் மொத்தமும் ஒரே இடத்தில் கூடுகிற நாளில்தான் தாளம் முழுசாக ஒரே இடத்தில் இருக்கும். மற்ற நாளில் கொடுத்தால் அது போய்வந்த ஏதாவது ஒரு தெருவில் ஒரு துண்டு மிஞ்சிவிடும், அரைகுறையாகப் போய்ச் சேர்ந்தால் அவனுக்கு ஆபத்து. அதனால் கச்சேரியிலேயே கொடுத்துவிடலாம். ராய்ஸ்டன் அவளை வெளியே தனியாகக் கூப்பிட்டு, "குடுத்தப்புறம் நம்ம என்னத்த வாசிக்கப்போறோம்?" என்று கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்குக் கடற்கரை மைதானத்தில் ஊர் கூடியது. கடைகளைப் பூட்டிவிட்டு வந்தார்கள், மாவு மில்லை நிறுத்திவிட்டு வந்தார்கள், படுக்கையில் கிடந்தவர்களைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள், கைக்குழந்தைகள் வந்தன, வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன, ஒருவரும் உட்காரவில்லை. மேடையில் டிரம்ஸ் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ஸ்டூல், ஸ்டூலில் டெல்பினாவின் போன், போனில் மொம்பாசா. இஞ்ஞாசி அங்கே கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மூன்று பாட்டு வாசித்தார்கள். தாளம் அத்தனை பெரிசாக என்றைக்கும் இருந்ததில்லை. ஆயிரக்கணக்கான குதிகால்களில் அது மணலை அதிரவைத்தது, உப்புத் தண்ணீரில் நின்ற படகுகள் அதற்கு ஆடின. நாலாவது பாட்டில் டெல்பினா அடிக்கம்பியில் அந்த ஒற்றைச் சுரத்தை வைத்தாள், தாளம் வந்து சாய்ந்தது, அவள் போனைப் பார்த்துத் திரும்பி, ஒரு அடி எடுத்து வைத்தாள், இன்னொரு அடி எடுத்து வைத்தாள், ஸ்டூலுக்கு முன்னால் போய் நின்று வாசித்தாள். மைதானத்தின் கடைசி வரிசையில் கால்கள் நின்றன. அதற்கு முந்திய வரிசையில் நின்றன. தெருத்தெருவாகக் கரண்டு போவதுபோல, திரேஸ்புரம் நின்றது, லயன்ஸ் டவுன் நின்றது, மட்டக்கடை நின்றது, தங்கபாண்டியின் கை நின்றது, சகோதரிகளின் விரல்கள் நின்றன, ராய்ஸ்டனின் முழங்கால் நின்றது, கடைசியில் அவளுடைய மணிக்கட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தது நழுவி, கம்பி வழியாக இறங்கி, போனுக்குள் போனது.

போனிலிருந்து முதலில் ஒரு மூச்சு கேட்டது, நீந்திக் கரையேறியவன் விடுகிற மூச்சு. கட்டில் முனகியது. ஒரு பெண் புரியாத மொழியில் அதட்டினாள். பிறகு வெறுங்காலின் சத்தம் தரையில் கேட்டது: ஒன்று, இரண்டு, சின்னதாக ஒரு யோசனை, மூன்று, நாலு. கதவு திறந்தது. அவன் போனை எடுத்துக்கொள்ள மறந்தே போனான். நடை தூரமாகி, படிகளில் இறங்கி, இன்னும் தூரமாகி, எங்கோ வெயிலுக்குள் போய்க் கேட்காமல் ஆனது. டெல்பினா போனை அணைத்தாள்.

ஐந்து மாதத்தில் முதல் தடவையாக ஊர் மொத்தமும் உட்கார்ந்தது. நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன. கட்டிலில் கொண்டுவரப்பட்ட ஒருவர் தூங்கிப்போனார். சகோதரிகள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கொஞ்சநேரம் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மூத்தவள் குனிந்து, உனக்குத் தண்ணி வேணுமா என்று கேட்டாள்.

மேடையில் இரண்டு பேர் இருந்தார்கள், நாலு கம்பி அவளிடம், நாலு கம்பி அவனிடம், வேறு ஒன்றும் இல்லை. ராய்ஸ்டன் அவளைப் பார்த்தான். ஐந்தாவது பாட்டு அவள் சுரத்தில்தான் தொடங்க வேண்டும்.

"எப்ப?" என்று உதடு மட்டும் அசையக் கேட்டான்.

அவள் தன் மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தாள். யாருடைய நாடியும் போல அது சும்மா அடித்தது. அதைக் கேட்டு ஒன்றும் தெரியவில்லை. இந்தச் சுரத்தை இப்போது வைத்தால் சீக்கிரம் என்று சொல்ல அந்த மைதானத்தில் ஆள் இல்லை, பிறகு வைத்தால் தாமதம் என்று சொல்லவும் ஆள் இல்லை. பயம் வந்தது. பயத்தோடு இன்னொன்றும் வந்தது, அதற்கு அவளுக்குப் பெயர் தெரியவில்லை. காற்று உப்பாக வீசியது. ஊர் கையை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தது. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று அவள் கண்ணால் சொன்னாள், ராய்ஸ்டன் தலையாட்டினான், அவள் இன்னும் கொஞ்சம் விட்டாள், அதற்குமேலும் கொஞ்சம் விட்டாள், பிறகு தனக்குத் தோன்றிய நேரத்தில் வாசித்தாள்.